விருப்பாட்சி கோபால நாயக்கர்: கபிலர் இல்லாத பாரி

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் திருக்கோயிலின் முற்றத்தில் நின்று வடதிசை நோக்குவார்க்கு, மேகம் விலகிய பொழுதில், பழனித் திருமலையும் அதனைச் சூழ்ந்த வயல்களும் குளங்களும் கண்ணிற்படும். அக்காட்சியைப் பாடாத கவிஞர் நம் இலக்கிய வட்டத்தில் அரியர். பொதினி என்று சங்கச் சான்றோர் வழங்கிய அம்மலையையும், மயிலுக்குப் போர்வை ஈந்த ஆவியர் குலப் பேகனையும் நாம் மறந்ததில்லை. எனினும், அதே மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், பழனிக்குக் கிழக்கே, ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள விருப்பாட்சி என்னும் ஊரை நம்முள் எத்தனை பேர் பாடியிருக்கிறோம்? தலையூற்று அருவியையும் மலைவாழையையும் கொண்டு அவ்வூரை அறிந்தவர் பலர். விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அவ்வூரிலிருந்து ஒருவர் கிழக்கிந்தியக் கும்பினியின் பெரும்படையை எதிர்த்து நின்றார், அதன்பொருட்டு 1801-இல் தூக்குமேடை ஏறினார் என்பதை அறிந்தவர் சிலரே.

அவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அவருடைய வாழ்க்கையை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. மலையையே அரணாகக் கொண்டு பெருவேந்தரை எதிர்த்த குறுநிலத் தலைவன் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் முதலில் எழுபவன் பறம்பின் கோமான் பாரி. பாரி வீழ்ந்தான், ஆயினும் பக்கத்தில் கபிலர் இருந்தமையால் அவன் அழியவில்லை. கோபால நாயக்கரும் வீழ்ந்தார். அவருக்குக் கபிலர் வாய்க்கவில்லை. அக்குறை வரலாற்றாசிரியரால் மட்டும் நிரப்பத்தக்கதன்று.

பாளையமும் படையும்

விருப்பாட்சி என்னும் பெயர் துங்கபத்திரைக் கரையில் ஹம்பி நகரத்தில் எழுந்தருளியுள்ள விருபாட்சரை நினைவூட்டுவது. விசயநகரப் பேரரசின் தென்னாட்டுப் படர்ச்சியோடு தெலுங்கு பேசும் குடிகள் பல மதுரை நாட்டிற்குள் வந்து நிலைகொண்டன. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியமைத்தபோது, தளவாய் அரியநாத முதலியாரின் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தார் என்பது மரபு. அந்த ஏற்பாட்டில் திண்டுக்கல் சீமையின் பாளையங்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. வடக்கே மைசூரிலிருந்தும் மேற்கே கொங்கிலிருந்தும் வரும் படைகள் மதுரையை அடைய வேண்டுமாயின் திண்டுக்கல் கணவாயைக் கடந்தாக வேண்டும். ஆதலின் இப்பாளையங்கள் மதுரைக்கு வாயிற்காவலாக விளங்கின.

பாளையம் என்னும் சொல் படை தங்குமிடத்தைக் குறிப்பது. பெயரிலேயே அதன் இயல்பு அடங்கியுள்ளது. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டுவார், வழக்குத் தீர்ப்பார், களவும் கொள்ளையும் நிகழாமற் காப்பார். தண்டிய வரியில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, எஞ்சியது தமக்கு என்பது மரபாகச் சொல்லப்படும் பகிர்வு. ஊரார் காவற்கூலி கொடுத்தனர். களவுபோன பொருளை மீட்டுத் தர இயலாதபோது காவலுக்குப் பொறுப்பேற்றவரே அதை ஈடுசெய்யும் வழக்கமும் இருந்தது. வேந்தரின் ஓலை வந்தால் பாளையக்காரர் தம் வீரரோடு புறப்பட வேண்டும். அவ்வீரருள் பெரும்பாலோர் மற்ற நாட்களில் ஏர் பிடிப்போர், மாடு மேய்ப்போர். அவர்களுக்குக் கூலியாகப் பணத்தைவிட நிலமே மிகுதியாக அளிக்கப்பட்டது. ஆகவே அவர்கள் காத்தது தலைவரின் கோட்டையை மட்டுமன்று, தத்தம் வயலையுங்கூட.

ஈட்டி, வாள், வில், திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கி ஆகியவையே இவர்தம் படைக்கலங்கள். கோட்டை என்பதும் பெரும்பாலும் மண்ணால் எழுப்பிய மதில். அதனைச் சுற்றி நெருங்கி வளர்ந்த முள்மரக் காடு. பீரங்கியும் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் கொண்ட கும்பினிப் படைக்கு முன் இவை எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் விருப்பாட்சிக்குப் பின்னால் பழனி மலை இருந்தது. அடிவாரத்திலிருந்து வடகாடு, பாச்சலூர் வழியாக மேலேறும் மலைத்தடங்கள், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் ஓடைகள், பகலிலும் இருள் சூழ்ந்த சோலைகள் ஆகியவற்றைப் பளியரும் புலையரும் குன்னுவரும் தம் உள்ளங்கை ரேகைபோல் அறிந்திருந்தனர். கும்பினியாரோ இம்மலையின் உட்பகுதியை முறையாக அளக்க முற்பட்டது 1821-ஆம் ஆண்டில்தான். வார்டு என்னும் படைத்துறை அளவையாளர் அப்பணியை மேற்கொண்டபோது கோபால நாயக்கர் மறைந்து இருபதாண்டுகள் கடந்திருந்தன. கொடைக்கானலில் அமெரிக்கச் சமயப் பணியாளர் முதல் வீடுகளைக் கட்டியது அதற்கும் பின்னர், 1845-இல். நாயக்கர் காலத்தில் இம்மலை பகைவர்க்குப் புலப்படாத நாடு. மலையரணைச் சிறப்பித்த நம் இலக்கணிகள் உரைத்ததன் பொருளை விருப்பாட்சியில் நின்று பார்த்தால் எளிதில் உணரலாம்.

வடகடல் நாட்டு ஓர் ஒப்புமை

இத்தகைய படையமைப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடகோடியில் கடல் சூழ்ந்த டென்மார்க்கு நாட்டிலும் இடைக்காலத்தில் இதனையொத்த ஒரு முறை இருந்தது. டென்மார்க்கு நமக்கு முற்றிலும் அந்நியமான நாடன்று. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் அந்நாட்டவர். 1845-இல் அதனை ஆங்கிலேயர்க்கு விற்கும்வரை நம் கடற்கரையில் அவர்தம் கொடி பறந்தது.

அவர்களுடைய முன்னோர் காலத்தில் மன்னரிடம் பெரிய நிலைப்படை இல்லை. நாட்டின் பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு போர்க்கப்பலைக் கட்டி நிறுத்த வேண்டும். அப்பகுதிக்குள் அடங்கிய சிறு பிரிவு ஒவ்வொன்றும் ஓர் ஆளை உணவோடும் படைக்கலத்தோடும் அனுப்ப வேண்டும். லேதிங் எனப்பட்ட இம்முறை 1241-ஆம் ஆண்டின் யூட்லாந்துச் சட்டத்திலும் விதிகளாக இடம்பெற்றது. உழவரும் மீனவரும் துடுப்பைப் பிடித்த அக்கப்பற்படை ஒருகாலத்தில் பால்டிக் கடலையே அதிர வைத்தது. இரண்டாம் வால்டெமார் மன்னர் 1219-இல் கடல் கடந்து எசுத்தோனியா நாட்டில் வெற்றி கொண்டார். ஆனால் 1223-இல், ஒரு சிறு தீவில் வேட்டைக்குச் சென்று தங்கியிருந்த இரவில், சுவேரின் நாட்டுப் பிரபு ஒருவர் அம்மன்னரைச் சிறைப்பிடித்தார். மன்னர் சிறையிலிருந்த காலத்தில் அவர் வென்ற நிலங்கள் கைநழுவின. மீண்டு வந்து 1227-இல் போர்ன்ஹோவெத் என்னுமிடத்தில் பொருதும் அவர் தோற்றார்.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. பலர் தனித்தனியே தரும் சிறு பங்குகளால் எழும் படை, தருவோர் மனம் ஒன்றியிருக்கும்வரை மிக வலியது. அவர்களைப் பிணைக்கும் தலைமை அகப்பட்டுவிட்டால் அது விரைவில் குலையும். மற்றொன்றும் உண்டு. டென்மார்க்கில் படைக்கு ஆள் தரும் கடமை காலப்போக்கில் வரியாக மாற்றப்பட்டது. உழவன் படைக்கலத்தைக் கீழே வைத்துப் பணம் கட்டலானான். அங்கே அதைச் செய்தவர்கள் அந்நாட்டு மன்னர்களே. இங்கே அதே மாற்றத்தைக் கும்பினியார் துப்பாக்கி முனையில் சில ஆண்டுகளுக்குள் செய்தனர். அதற்கு இடங்கொடேன் என்றவர்களுள் ஒருவர் விருப்பாட்சியார்.

அடைக்கலம் தந்த ஊர்

கோபால நாயக்கரின் பெயர் வரலாற்றில் ஒளிபெறும் முதல் நிகழ்ச்சி ஒரு போரன்று, ஓர் அடைக்கலம். 1772-ஆம் ஆண்டு சூன் திங்களில் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் களத்தில் மடிந்தார். அரசி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி, பல காதம் கடந்து விருப்பாட்சியை அடைந்தார். கணவனை இழந்து, நாட்டை இழந்து, பகைவர் தேடும் நிலையில் வந்த ஒரு பெண்ணுக்கு இடம் கொடுப்பது அக்காலத்தில் எளிய செயலன்று. நவாபின் சினமும் கும்பினியின் சினமும் ஒருங்கே தம்மேல் பாயும் என்பதை விருப்பாட்சியார் அறியாதவரல்லர். ஆயினும் வாயில் திறந்தது. ஏறத்தாழ எட்டாண்டுகள் அரசி அங்கே பாதுகாப்பாக வாழ்ந்தார்.

அந்த எட்டாண்டுகளை அழுது கழித்த ஆண்டுகளாக எண்ணுவது பிழை. ஒற்றர்களை நாடெங்கும் அனுப்பிச் செய்தி திரட்டினார், படை சேர்த்தார். தளவாய் தாண்டவராயப் பிள்ளை அரசியின் சார்பில் மைசூர் ஐதர் அலிக்கு ஓலை எழுதி, 5000 குதிரை வீரரும் 5000 காலாட்களும் வேண்டினார். அருகிலிருந்த திண்டுக்கல் கோட்டை அப்போது ஐதரின் ஆளுகையில் இருந்தது. அங்குள்ள தம் தளபதியை உதவுமாறு ஐதர் பணித்தார். கோபால நாயக்கர் தம் படையையும் தந்தார். 1780-இல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். ஒரு மலையடிவாரப் பாளையத்தில் மருத நிலத்து அரசியும் மைசூர் வேந்தரும் தெலுங்கு பேசும் தலைவரும் மறவர் படையும் ஒரு நோக்கத்தில் இணைந்தனர். மொழியும் சமயமும் குலமும் தடையாகவில்லை.

பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததைக் கொடைமடம் என்று போற்றுகிறோம். அது பயன் கருதாத ஈகை என்பதில் ஐயமில்லை. அதே மலையின் நிழலில், தலையைப் பணயம் வைத்து ஒரு தாய்க்கும் மகளுக்கும் எட்டாண்டு வாயில் திறந்து வைத்ததை எப்பெயரிட்டு அழைப்பது? புலவர் பெயரிடாததால் அது பெயரின்றியே நிற்கிறது. பெண்மக்களுக்குப் பாடம் சொல்லும் என் பணியில், வேலு நாச்சியாரின் வாளைப் பற்றிக் கேட்கும் மாணவியர் பலர். அவ்வாளுக்குக் கூர் ஏறிய ஊர் எது என்று கேட்பவர் அரியர்.

கூட்டணி கண்டவர்

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கும்பினிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அன்று முதல் விருப்பாட்சியின் அண்டை வீட்டுக்காரர் கும்பினியாரே ஆயினர். கப்பம் உயர்ந்தது, காவல் உரிமை கேள்விக்குள்ளானது, படை வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. அண்டைப் பாளையக்காரர் சிலர் பணிந்தனர். சிலர் நிலுவையின் பொருட்டு நிலத்தை இழந்தனர். திப்பு தூதரை அனுப்பி நாயக்கரோடு நட்புப் பாராட்டினார். 1799 மே திங்களில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மடிந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பெரிய துணைகள் யாவும் ஓராண்டுக்குள் நீங்கின.

அந்த நிலையில் மற்றவர் ஒதுங்கியிருப்பர். கோபால நாயக்கர் அப்போதுதான் கூட்டணி அமைத்தார். மணப்பாறை இலட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர், ஆனைமலை யாதுல் நாயக்கர் முதலியோர் அவரோடு சேர்ந்தனர். திண்டுக்கல் கூட்டணி என வரலாறு குறிப்பது இதனையே. சிவகங்கையில் மருது சகோதரர், மலையாளத்தில் கேரளவர்மா, மைசூர்ப் பக்கத்தில் கிருஷ்ணப்ப நாயக்கர், வடக்கே தூந்தாசி வாக் ஆகியோரோடும் தொடர்பு ஏற்பட்டது. ஓலைகள் மலை கடந்து சென்றன. தூதர் மறைவழிகளில் நடந்தனர். தனித்தனியே நின்றால் ஒவ்வொருவராக வீழ்வோம் என்னும் பாடத்தைப் பாஞ்சாலங்குறிச்சியின் இடிபாடுகள் கற்பித்திருந்தன. அப்பாடத்தை விரைந்து கற்றவர் விருப்பாட்சியார். அவருடைய உண்மையான படைவலிமை இதுவே என்பது என் கருத்து. மதிலைவிட, முள்வேலியைவிட, மலையைவிட வலியது மனிதரை மனிதரோடு பிணைத்த அந்த இழை.

அக்கூட்டணியின் முதற் பெருந்திட்டம் கோயம்புத்தூரில் இருந்த கும்பினியின் குதிரைப்படையைத் தாக்குவது. 1800-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள் அதற்கெனக் குறிக்கப்பட்டது. அது முகரம் நாளையொட்டிய பொழுது. பல திசைகளிலிருந்து வரும் படைகள் ஒரே நாளில் கூடவேண்டும். கும்பினிப் படைக்குள் இருந்த முசுலிம் வீரருள் சிலரும் துணை நிற்பர் என்பது எதிர்பார்ப்பு. திட்டம் நிறைவேறவில்லை. செய்தி முன்னரே வெளிப்பட்டது. படைகள் ஒன்று கூடுமுன் கும்பினி விழித்துக்கொண்டது. பிடிபட்டோருள் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில், நடந்து செல்லும் தூதரை நம்பி, மலைகளும் ஆறுகளும் இடையிட்ட நான்கு நாடுகளை ஒரே நாளில் எழுப்ப முயன்ற துணிவு வியப்புக்குரியது. அதன் தோல்விக்கும் அதுவே காரணமாயிற்று.

மூன்று திங்கள் கழித்து, செப்டம்பர் 10-ஆம் நாள், தூந்தாசி வாக் களத்தில் மாண்டார். அவரை வென்ற தளபதி ஆர்தர் வெல்லெசுலி. பின்னாளில் 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்தி வெலிங்டன் கோமகன் என உலகப் புகழ் பெற்றவர் அவரே. ஐரோப்பாவின் முதல்தரப் போர்த்தலைவர் ஒருவரைக் களத்திற்கு அழைத்த கூட்டணியின் ஒரு முனை பழனி மலையடிவாரத்தில் இருந்தது என்பதை இங்கே நினைத்தல் தகும்.

வீழ்ச்சி

வடக்கிலிருந்து இனித் துணை வாராது என்பது தெளிந்த பின்னும் கோபால நாயக்கர் பணிந்து போக எண்ணவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். கட்டபொம்மனின் இளவலாகிய அவரோடு நாயக்கர் கைகோத்தார். தென்னாடு மீண்டும் கொதித்தது. இருமுனைப் போரைத் தவிர்க்க விரும்பிய கும்பினி, அவ்வாண்டின் தொடக்க மாதங்களிலேயே இன்னஸ் என்னும் தளபதியின் தலைமையில் திண்டுக்கல் சீமைக்குப் படை அனுப்பியது. விருப்பாட்சி தாக்கப்பட்டுப் பகைவர் வசமாயிற்று.

ஊரை இழந்தவர் மலையை நாடினார். பழனி மலையும் அதற்கு மேற்கே தொடரும் ஆனைமலையும் அவருக்குப் புகலிடமாயின. ஆனைமலைப் பகுதியில் அவர் கடும் போர் புரிந்தார். அங்கே உழவர் பெருமக்கள் அவருக்கு முழு ஆதரவு தந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கோட்டையிழந்த தலைவனுக்கு உணவும் உளவும் தந்து உதவுவோர் கூலிக்கு உழைப்போராயிரார். எட்டாண்டு அடைக்கலம் தந்தவருக்கு இப்போது மக்கள் அடைக்கலம் தந்தனர். ஆயினும் பயிற்சி பெற்ற படைகள் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தபோது மலையும் கைவிட்டது. நாயக்கர் பிடிபட்டார். 1801-ஆம் ஆண்டிலேயே திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அங்குள்ள கோபாலசமுத்திரம் குளக்கரையே அவர் உயிர் பிரிந்த இடம் என்பதும், அவர் பெயராலேயே அக்குளம் அழைக்கப்படுகிறது என்பதும் ஊர்வழக்கு. விருப்பாட்சிப் பாளையம் பறிமுதலாயிற்று.

அவ்வாண்டின் எஞ்சிய நிகழ்ச்சிகளை நாம் அறிவோம். மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. சூன் 16-இல் மருது பாண்டியரின் அறிக்கை திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திண்டுக்கல் சீமையில், வத்தலக்குண்டுப் பகுதியில், போராடிப் பிடிபட்ட ஊமைத்துரை நவம்பரில் அதே முடிவை எய்தினார். டிசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ், படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து, கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார். 1802 பிப்ரவரியில் 73 பேர் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஈட்டி பிடித்த கையில் வரிச் சீட்டு திணிக்கப்பட்டது. எஞ்சிய பாளையக்காரர் சமீன்தார் ஆயினர். காவற்காரன் என்னும் சொல்லின் பெருமை மெல்லத் தேய்ந்தது.

பாடாமல் விட்டது

பாளையக்காரர்க்கும் புலவர்க்கும் இடையே உறவு இல்லாமல் இல்லை. விருப்பாட்சிக்கு அண்மையிலுள்ள நிலக்கோட்டைக் கூளப்ப நாயக்கர்மீது சுப்பிரதீபக் கவிராயர் விறலிவிடு தூது பாடினார். பரிசில் தருவோரைப் பாடுவது மரபு, அதில் பிழையில்லை. தூக்குமேடை ஏறியவரால் பரிசில் தர இயலாது. அவரைப் பாடுவோர் கும்பினியின் கண்ணுக்கு ஆளாக வேண்டும். கட்டபொம்மனுக்குக் கதைப்பாடல்கள் வாய்த்தன. 1959-இல் வந்த திரைப்படம் அவர் பெயரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. விருப்பாட்சியார்க்கு அந்நல்வினை அந்த அளவில் அமையவில்லை. இன்று அவ்வூரில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. பள்ளிப் பாடநூல் அவரைச் சில வரிகளில் குறிக்கிறது. கல்லும் பாடநூலும் பெயரைக் காக்கும். பெயருக்குள் இருந்த மனிதனைக் காப்பது கவிதையின் கடமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாடவேண்டும் என்னும் ஆர்வத்தால் அவரை இல்லாத ஒருவராக ஆக்கிவிடலாகாது. இன்றைய பொருளில் அவர் மக்களாட்சி நாயகரல்லர். வரி தண்டிய தலைவர். தம் பாளையத்தையும் தம் உரிமையையும் காக்கவே முதலில் வாளெடுத்தவர். காவற்கூலி கொடுத்த ஊரார் யாவரும் மகிழ்ந்தே கொடுத்தனர் என்று சொல்ல ஒண்ணாது. அவரைத் தெய்வமாக்கும் பாட்டும், ஒரு குலத்தின் உடைமையாக்கும் பாட்டும் அவர்க்குச் செய்யும் நன்றியாகா. தம் உரிமைக்காகத் தொடங்கிய ஒருவர், பிறர் துன்பத்துக்கு வாயில் திறந்து, மொழியும் சமயமும் கடந்து பலரோடு கைகோத்து, எல்லாத் துணையும் நீங்கிய பின்னும் பணியாமல் நின்றார் என்பதே அவர் வாழ்க்கை. அவ்வளர்ச்சியே பாடுதற்குரிய பொருள். கபிலரும் பாரியைப் பெருக்கிப் பாடவில்லை. உடனிருந்து கண்டதைப் பாடினார். நண்பன் மாண்டபின் அவன் மகளிர்க்கு வாழ்வு தேடி வேந்தரின் வாயில்தோறும் நடந்தார். புலமைக்கு அந்த நடையும் ஓர் இலக்கணம்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தார் திங்கள்தோறும் கூடிக் குறிஞ்சிப் பூவையும் கொடைக்கானல் மேகத்தையும் பாடி வருகிறோம். அது வேண்டத்தக்கதே. பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் மலைமேல் நடத்தாமல் மலையடிவாரத்தில் நடத்துவோமாக. ஒட்டன்சத்திரத்தில் இறங்கினால் விருப்பாட்சி தொலைவன்று. தலையூற்று அருவியின் கரையில் அமர்ந்து தெற்கே நிமிர்ந்து நோக்கினால், நாம் நாள்தோறும் மேலிருந்து காணும் மலை அங்கே மதிலாக எழுந்து நிற்பதைக் காணலாம். வேலு நாச்சியார் எட்டாண்டு கண்ட காட்சி அது. கோபால நாயக்கர் ஊரை இழந்த நாளில் நோக்கிய திசையும் அதுவே.